மழை தொடங்கியதிலிருந்து ஜிங்க் ஆக்சைடு படலம் பால் மாதிரி வெளுக்கிறது: ஊட்டிப் பக்கம் தின் ஃபிலிம் போடுகிறவர்கள் உதவுங்கள்

எல்லநள்ளி டீச்சர்

வணக்கம். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன், பகுதிநேரமாக பிஎச்.டி. பண்ணுகிறேன். லேப் ஊட்டியில். பள்ளி விட்டதும் பஸ் பிடித்தால் ஐந்து மணிக்கு உள்ளே போகலாம், ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் முழு நாள். ஒரு சாம்பிள் கெட்டால் எனக்கு ஒரு வாரம் போச்சு என்று அர்த்தம். அதனால்தான் இவ்வளவு நீளமாகக் கேட்கிறேன்.

செய்வது இது: கண்ணாடியில் முதலில் ஜிங்க் ஆக்சைடு, அதன் மேல் பி3எச்டி என்ற குறைகடத்தி பாலிமர். ஆக்சைடு என்-டைப் (எலக்ட்ரான் கடத்துவது), பாலிமர் பி-டைப் (துளை கடத்துவது). இரண்டும் தொடும் இடத்தில் டயோடு, அதாவது ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் சந்தி, கிடைக்க வேண்டும். ஆக்சைடுக்கு சோல்-ஜெல் முறை, அதாவது கரைசலைப் பூசி, ஜெல்லாக்கி, சுட்டு எடுப்பது. 20 மில்லி 2-மெத்தாக்சி எத்தனாலில் 2.195 கிராம் ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட், அதாவது 0.5 மோலார். கரைசல் நிலையாக இருக்க மோனோ எத்தனால் அமீன் சம மோல். 60 டிகிரியில் 2 மணி நேரம் ஸ்டிரரில் வைத்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுவேன். ஸ்லைடைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 3000 சுற்று, 30 விநாடி. பிறகு ஹாட் பிளேட்டில் 300 டிகிரி, 10 நிமிடம். இப்படி ஐந்து அடுக்கு. கடைசியில் ஃபர்னஸில் 500 டிகிரி, 1 மணி நேரம்.

பிப்ரவரி, மார்ச்சில் போட்டவை கண்ணாடியா படலமா என்று தெரியாத அளவுக்குத் தெளிவு. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் மட்டும் லேசாக ஊதாவும் மஞ்சளும் ஓடும். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) 34.4 டிகிரியில் 002 தளத்தின் பீக் ஓங்கி நின்றது. ஜூன் பாதியிலிருந்து ஒன்றும் சரியில்லை. படலம் மோர் தெளித்துத் துடைத்த மாதிரி இருக்கிறது. எக்ஸ்ஆர்டியில் 100, 002, 101 மூன்று பீக்கும் வருகிறது, ஜிங்க் ஆக்சைடுதான், சந்தேகமில்லை. ஆனால் பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) 3.1 எலக்ட்ரான் வோல்ட் என்று வருகிறது. மேலே குளோரோஃபார்மில் கரைத்த பி3எச்டி போட்டால் அதுவும் பளபளப்பில்லாமல் மங்கலாக நிற்கிறது. ஐ-வி (மின்னோட்டம்-மின்னழுத்தம்) வரைபடம் எடுத்தால் டயோடு வளைவு இல்லை, நேர்கோடு.

கைடு கெமிக்கல் பழசாகியிருக்கும் என்றார். புது ஜிங்க் அசிடேட் பாட்டில் வாங்கினேன், சொந்தக் காசு. மாற்றமில்லை. ஸ்லைடை சோப்பு, அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று அல்ட்ராசோனிக்கில் கழுவித்தான் போடுகிறேன்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். ஸ்பின் கோட்டர் ஒரு அறை, ஹாட் பிளேட் வராண்டா தாண்டி எதிர் அறை. பெட்ரி டிஷ்ஷில் வைத்து எடுத்துப் போவேன். நாற்பது அடிகூட இருக்காது.

கோவை மெட்டீரியல்ஸ்

அமீன் அளவைக் கூட்டிப் பாருங்க. இல்லாட்டி 600 டிகிரிக்கு ஏத்துங்க, ஆர்கானிக் மிச்சம் எரிஞ்சு வெள்ளை போயிடும். எங்க லேபில் அப்படித்தான் சரியாச்சு.

பர்லியார்

டீச்சர், தயவுசெய்து 600-க்குப் போகாதீங்க. நீங்க வெச்சிருக்கிறது சாதாரண மைக்ராஸ்கோப் ஸ்லைடுன்னா அது சோடா-லைம் கண்ணாடி, அந்தச் சூட்டுல வளைஞ்சுடும். 500-லயே கண்ணாடியில இருக்கிற சோடியம் படலத்துக்குள்ள ஏறும். குவார்ட்ஸ்ல போடுறவங்களுக்கு 600 சரி.

உங்க கேள்வியில பதில் கடைசி வரியில இருக்கு. அந்த நாற்பது அடி.

நான் கோவையில பிஎச்.டி. முடிச்சு, குன்னூர்ல ஒரு லேபுக்கு வந்தவன். கீழே ஆறு வருஷம் கண்ணை மூடிட்டுப் போட்ட அதே ரெசிப்பி, மேலே வந்த முதல் நவம்பர்ல எனக்கும் இப்படித்தான் வெளுத்துச்சு. ரெண்டு மாசம் கெமிக்கலைத்தான் சந்தேகப்பட்டேன். காத்தை அளக்கணும்னு தோணவேயில்லை.

கணக்கைப் பாருங்க. லேப் 16 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வெச்சுக்குவோம். மழை நாள்ல இது சாதாரணம். அந்தக் காத்தோட பனிநிலை ஏறக்குறைய 14.4 டிகிரி. அதாவது எந்தப் பரப்பு ரெண்டு டிகிரி குளிர்ந்தாலும் அது மேல தண்ணி படியும். இப்ப குளோரோஃபார்ம் 61 டிகிரியில கொதிக்கிற திரவம், அதுவும் கடல் மட்டத்துல. ஊட்டி 2240 மீட்டர்ல, தண்ணியே 92, 93-ல கொதிக்குது, குளோரோஃபார்ம் இன்னும் அவசரப்படும். சுத்தும்போது அது ஆவியாகிற வேகத்துல படலத்தோட சூட்டை உறிஞ்சிட்டுப் போகும். ரெண்டு டிகிரி என்ன, அதுக்கு மேலயே இறங்கும். கண்ணாடி டம்ளர்ல ஐஸ் போட்டா வெளியில முத்து முத்தா நிக்குமே, அதே மாதிரி ஈரப் பாலிமர் மேல நுண்துளிகள் உட்காரும். குளோரோஃபார்ம் போன பிறகு தண்ணியும் போகும். துளி இருந்த இடம் மட்டும் குழியா நிக்கும். உங்க மங்கலும் அதுதான், நேர்கோடும் அதுதான். குழி வழியா மேல் மின்முனை கீழே இறங்கி ஆக்சைடை நேரா தொட்டுடுது. நடுவுல பாலிமர் இருந்தாத்தானே டயோடு?

நம்ப வேண்டாம், பாருங்க. சாதாரண ஆப்டிகல் மைக்ராஸ்கோப் போதும், 40 அப்ஜெக்டிவ். வட்ட வட்டமா, கிட்டத்தட்ட ஒரே அளவுல, நெருக்கமா குழி இருந்தா அது தண்ணி. ஒரு புள்ளியில இருந்து வெளிப்பக்கமா வால் நீண்ட கோடு இருந்தா தூசி. ஆக்சைடு படலத்துல கை ரேகை மாதிரி சுருக்கம் இருந்தா, அடுக்கு தடிமனாயிடுச்சு, இல்லை சூடு ஏத்தின விதம் சரியில்லைன்னு அர்த்தம். ஈரத்தால வந்ததுக்கு மருந்து வேற, சுருக்கத்துக்கு மருந்து வேற. அதனால முதல்ல பார்த்துடுங்க.

ஆக்சைடு பக்கம் கதை கொஞ்சம் மாறும். 2-மெத்தாக்சி எத்தனால் தண்ணியோட நல்லா கலக்கும், காத்து ஈரத்தையும் இழுத்துக்கும். சுத்தி முடிச்ச படலம் இன்னும் ஜெல்லுதான். அதை மூடுபனி ஓடுற வராண்டாவுல கொண்டுபோறப்ப அது ஈரம் குடிக்குது, ஜிங்க் அசிடேட் சூட்டுக்கு முன்னாடியே அங்கங்க திரியுது. அந்தத் திரிப்புதான் 300 டிகிரியில வெள்ளையா உறையுது. ஹாட் பிளேட்டை ஸ்பின் கோட்டர் பக்கத்துலயே, கை எட்டுற தூரத்துல வைங்க. பத்து விநாடிக்குள்ள ஸ்லைடு சூட்டுல உட்காரணும். மத்ததெல்லாம் அப்புறம். கரைசலையும் பாருங்க. குளிர்ல ஒரு நாள் வெச்சா கலங்கியிருக்கும். லேசர் பாயின்ட்டரைப் பாட்டில் குறுக்கே அடிங்க, கோடு பளிச்சுனு தெரிஞ்சா துகள் இருக்கு. மறுபடி 60-க்குச் சூடு பண்ணி, 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர்ல வடிச்சுப் போடுங்க.

அறையைச் சூடாக்கினா ஈரம் போகாது, ஆனா பயன் இருக்கு. அதே காத்தை 26 டிகிரிக்கு ஏத்தினா ஈரப்பதம் 49 சதவீதத்துக்கு இறங்கும். பனிநிலை அதே 14.4-தான். ஆனா இப்ப படலம் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்தாத்தான் தண்ணி படியும். ஈரத்தையே எடுக்கணும்னா ஸ்பின் கோட்டர் மேல அக்ரிலிக் பெட்டி, உள்ளே ரெண்டு தட்டு சிலிகா ஜெல். நைட்ரஜன் சிலிண்டர் இருந்தா ஒரு குழாய் விடுங்க. பெட்டிக்குள்ள குண்டு பல்பு வைக்காதீங்க. கரைப்பான் ஆவி பத்திக்கும்.

பி3எச்டியை குளோரோபென்சீனுக்கு மாத்துங்க. அது கடல் மட்டத்துல 131 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், மெதுவா காயும். மெதுவா காஞ்சா சங்கிலிகள் ஒழுங்கா அடுக்கும், நிறமே மாறும்: ஆரஞ்சு அடிக்காம கருஞ்சிவப்பு ஊதாவா வரும். யுவி-விசிபிள்ல 600 நானோமீட்டர் தாண்டி ஒரு தோள் தெரியணும். அது தெரியலைன்னா படலம் பளபளன்னு இருந்தாலும் நான் டயோடு போட மாட்டேன். பாலிமர் பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தவுடனே திறக்காதீங்க, அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாட்டி உள்ளேயும் அதே பனி. படலத்தை அலுமினியம் ஃபாயில்ல சுத்தி வைங்க, வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதை வெளுக்க வெச்சுடும்.

அப்புறம் 3.1. இதைப் பேப்பர்ல போடாதீங்க டீச்சர், கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஜிங்க் ஆக்சைடு 700 நானோமீட்டர்ல உறிஞ்சுறதில்லை. அங்கேயே டிரான்ஸ்மிட்டன்ஸ் 80-க்குக் கீழே இருந்தா, வெளிச்சம் உறிஞ்சப்படலை, சிதறுது. கருவிக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க அதையும் உறிஞ்சல்னு எடுத்து பேண்ட் கேப் கண்டுபிடிக்கிற டாக் வரைபடத்துல வர்க்கம் போட்டுக் கோடு நீட்டினா, கோடு தாழ்ந்த பக்கம் சாயும். பேண்ட் கேப் குறைஞ்சுடுச்சுன்னு அதுக்கு ஒரு காரணமும் எழுதி வெளிவந்த கட்டுரைகளைப் படிச்சிருக்கேன். மனசு வலிக்கும். கலங்கின படலத்துக்கு பேண்ட் கேப் கணக்கே போடக்கூடாது. சிதறின வெளிச்சத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இன்டகிரேட்டிங் ஸ்பியர் இருந்தா வேற விஷயம்.

தடிமன் எப்படி எடுக்கிறீங்கன்னு சொல்லலை. எடை போட்டுன்னா ஒண்ணு கவனிங்க. 2.5 சென்டிமீட்டர் சதுரத்துல 200 நானோமீட்டர் ஜிங்க் ஆக்சைடோட எடை 0.7 மில்லிகிராம்தான். நாலு தசம தராசு 0.1 வரைக்கும்தான் காட்டும். ஏழுல ஒண்ணு பிழை. படிகத் துகள் அளவும் அப்படித்தான்: எக்ஸ்ஆர்டியில 34.4 பீக்கோட அகலம் 0.4 டிகிரின்னா, அகலத்துல இருந்து துகள் அளவைக் கணக்கிடுற ஷெரர் சமன்பாடு 21 நானோமீட்டர் தரும். கருவியோட அகலத்தைக் கழிக்காம 20.79-ன்னு எழுதுறதுல என்ன இருக்கு?

டயோடுக்குக் கீழே கடத்தும் கண்ணாடி என்ன? ஐடிஓன்னா (இண்டியம் டின் ஆக்சைடு பூசினது), காத்துல 500 டிகிரி அனீலிங் பண்ணினதும் மல்டிமீட்டர்ல அளந்து பாருங்க, மின்தடை ஏறியிருக்கும். ஆக்சிஜன் காலியிடங்கள் நிரம்பிடும், கடத்துற எலக்ட்ரான் குறைஞ்சிடும். எஃப்டிஓ (ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசினது) தாங்கும்.

முக்கியமான ஒண்ணு. 2-மெத்தாக்சி எத்தனால் இனப்பெருக்க உறுப்புகளுக்குக் கெடுதல், தோல் வழியாவே உள்ளே போகும். குளிருதுன்னு ஜன்னலைச் சாத்திட்டு, ஆவியை வெளியே இழுக்கிற ஹூட் இல்லாம சாயங்காலம் முழுக்க அதோட உட்காராதீங்க. ஐசோபுரொப்பனால்லயும் இதே அமீனோட கரைசல் வரும், அதுக்கு மாத்தப் பாருங்க.

எல்லநள்ளி டீச்சர்

பர்லியார் அண்ணா, இதை பிரின்ட் எடுத்து லேப் நோட்டில் ஒட்டியிருக்கிறேன். ஹூட் விஷயம் எனக்கு யாரும் சொன்னதேயில்லை. இரண்டு வருஷமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்கிறேன். ஐடிஓதான். அளந்தேன்: முன்பு 18 ஓம், ஃபர்னஸுக்குப் பின் 70-க்கு மேல். எஃப்டிஓ கேட்டு எழுதியிருக்கிறேன்.

இந்து நகர் பெரியவர்

கண்ணு, உன் கேள்வியைப் பேத்தி படிச்சுக் காட்டினா. எழுதாம இருக்க முடியலை.

நான் ஊட்டி இந்து நகர் ஃபோட்டோ ஃபிலிம் தொழிற்சாலையில கோட்டிங் பிரிவுல இருந்தவன். நாங்க பூசினது சில்வர் ஹாலைடு எமல்ஷன். அதுவும் ஒரு குறைகடத்திதான்னு எங்க இன்ஜினியர் சொல்லுவாரு. வெளிச்சம் பட்டா அந்தப் படிகத்துல எலக்ட்ரான் கிளம்பும், அதுலதான் படமே விழுது. 1960-ல கம்பெனி ஆரம்பிச்சப்போ இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமா பெரியவங்க சொன்னது தூசி இல்லாத காத்தும் குளிரும் நல்ல தண்ணியும். ஆனா அந்தக் காத்தை நாங்க அப்படியே உள்ளே விட்டதில்லை. வடிகட்டி, குளிர வெச்சுத் தண்ணியைப் பிரிச்சு, மறுபடி தேவையான சூட்டுக்கு ஏத்தித்தான் விடுவோம். எங்களுக்கு வெள்ளி எப்படி மூலப்பொருளோ, காத்தும் அப்படித்தான்.

ஜெலட்டினை வெதுவெதுன்னு பூசி, உடனே குளிர வெச்சு உறைய விட்டு, அப்புறம் படிப்படியாத்தான் காய வைப்போம். அவசரப்பட்டா மேல் தோல் முதல்ல காஞ்சு திட்டுத்திட்டா நிக்கும். இருட்டுல வேலை, கண்ணால பார்க்க முடியாது. அதனால ஷிஃப்டு மாறும்போதெல்லாம் ஈர பல்பு, உலர் பல்பு ரெண்டையும் நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஒரு ரோல் கெட்டா முதல்ல அந்த நோட்டைத்தான் புரட்டுவாங்க. நீயும் ஒரு நோட்டு போடு. தேதி, மணி, அறைச் சூடு, ஈரப்பதம், வெளியில மூடுபனியா வெயிலா. சாம்பிள் நம்பர் பக்கத்துலயே எழுது.

இன்னொண்ணு கண்ணு. ஸ்லைடு கழுவினதும் தண்ணியிலிருந்து நேரா தூக்கிப் பாரு. தண்ணி ஒரே விரிப்பா வழியணும். அங்கங்க முத்தா திரண்டா எண்ணெய்ப் பசை இருக்கு, திரும்பக் கழுவு. எங்க காலத்துல அதுதான் சோதனை, இப்பவும் அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

கோவை மெட்டீரியல்ஸ்

600 பற்றிச் சொன்னதுக்கு மன்னிக்கணும் டீச்சர், எங்களுடையது குவார்ட்ஸ். அதைக் குறிப்பிட்டிருக்கணும். எஃப்டிஓ வரத் தாமதமானா சொல்லுங்க, எங்ககிட்ட வெட்டின துண்டுகள் ஏழெட்டு இருக்கு, பஸ்ஸில் கொடுத்து விடுறேன்.

எல்லநள்ளி டீச்சர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையைக் காற்றில் வாட வைக்கும் வாட்டப் பிரிவு பார்க்கிறவர். பெரியவர் எழுதியதைக் காட்டினேன். அவர் வேலையே ஈர பல்பு, உலர் பல்புதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய ஹைக்ரோமீட்டர் ஒன்று வீட்டு அலமாரியில் இருந்தது. மரப் பலகையில் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் அடியில் துணித் திரி. திரியை மாற்றி, சனிக்கிழமை அவரே லேபுக்கு வந்து சுவரில் மாட்டினார். உலர் 15, ஈரம் 14.5. பார்த்துவிட்டு, "அரை டிகிரிதான் வித்தியாசம். இந்த நாள்ல இலை பரப்புற டிரஃப்ல (தொட்டியில) சூட்டுக் காத்து விடாம இலை வாடாது. காத்தே தண்ணி குடிச்சுட்டு நிக்குது, இனி இலைகிட்டயிருந்து எப்படி வாங்கும்?" என்றார். நான் பள்ளியில் இதே பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். என் சாம்பிளுக்கு அதைப் பொருத்திப் பார்த்ததில்லை.

முதலில் பழைய படலங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பி3எச்டியில் குழிகள், தேன்கூடு மாதிரி, அண்ணா சொன்ன அதே வட்டம். ஆக்சைடில் இரண்டும் இருந்தது: ஓரத்தில் சுருக்கம், நடுவில் வெள்ளைத் திட்டு.

ஹாட் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்பின் கோட்டர் பக்கத்தில், ஹூட்டுக்குக் கீழே வைத்தேன். கைடு சம்மதிக்க ஒரு வாரம் ஆனது. ஊரில் ஒரு தச்சர் அக்ரிலிக் பெட்டி செய்து கொடுத்தார், முன்பக்கம் கை விடும் அளவுக்கு மட்டும் வெட்டு. சிலிகா ஜெல் இரண்டு தட்டு வைத்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால் உள்ளே 35 சதவீதம் வரை இறங்குகிறது. கை விட்டதும் 45-க்கு ஏறுகிறது. நீல மணிகள் ஒரு நாளிலேயே வெளிர் சிவப்பாகிவிடுகின்றன, தினமும் ஓவனில் காய வைத்துத்தான் ஆக வேண்டும். கரைசலை ஐசோபுரொப்பனாலுக்கு மாற்றினேன், 0.3 மோலார். சுருக்கமும் அதில் போனது, அடுக்கு மெலிந்ததாலோ என்னவோ.

சாம்பிள் 47. ஆறு அடுக்கு, வெளியே மழை, அறை 16, ஈரப்பதம் 91, பெட்டிக்குள் 41. ஃபர்னஸிலிருந்து எடுத்தபோது ஸ்லைடைக் காணோம் என்று ஒரு நொடி பயந்தேன். தட்டோடு தட்டாக, அவ்வளவு தெளிவு. 700 நானோமீட்டரில் பழையது 61 சதவீதம், இது 84. பேண்ட் கேப் 3.26. பிப்ரவரி சாம்பிளுக்கும் அதே எண்தான் வந்திருந்தது. 3.1 இருந்த பக்கத்தைக் கிழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டு, சிதறல் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

டயோடு இன்னும் முழுசாக வரவில்லை. கோவையிலிருந்து பஸ்ஸில் வந்த எஃப்டிஓ துண்டில் குளோரோபென்சீன் பி3எச்டி போட்டு, சில்வர் பேஸ்ட்டில் ஆறு புள்ளி வைத்தேன். நான்கு ஷார்ட். ஒன்று வளைகிறது, ஆனால் இரண்டு பக்கமும். ஒன்று மட்டும் சரியாக வளைகிறது: 2 வோல்ட்டில் முன்னோக்கு மின்னோட்டம் பின்னோக்கைவிட நாற்பது மடங்கு. பேஸ்ட்டில் இருக்கும் கரைப்பான் பாலிமரைக் கரைக்கிறதோ என்று சந்தேகம்.

பர்லியார்

கரைக்குதுதான் டீச்சர். பேஸ்ட்டை விட்டுடுங்க. மேல் மின்முனையை வெற்றிடத்துல ஆவியாக்கித்தான் போடணும், தங்கம் இல்லாட்டி வெள்ளி. எங்க யூனிட்ல வெள்ளிக் கம்பி இருக்கு, வெற்றிடம் 10-இன் மைனஸ் 5 மில்லிபார் வரைக்கும் போகுது, அது போதும். அடுத்த சனிக்கிழமை நாலு சாம்பிளோட குன்னூர் வாங்க. ஃபாயில்ல சுத்தி, டப்பாவுக்குள்ள சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு எடுத்துட்டு வாங்க. வந்ததும் டப்பாவை அரை மணி நேரம் திறக்காதீங்க. அந்தச் சரியா வளைஞ்ச புள்ளி இருக்கிற சாம்பிளையும் கொண்டுவாங்க, அதை முதல்ல மைக்ராஸ்கோப்ல பார்க்கணும்.

எல்லநள்ளி டீச்சர்

வருகிறேன் அண்ணா. காலை ஏழரை பஸ். அப்பாவும் வருகிறார், ஹைக்ரோமீட்டரோடு.